திரை இருண்டால் குழாய் செத்ததாகுமா?
பழைய ஆசிலோஸ்கோப்பில் குறை காணும் முறை

1998-ஆம் ஆண்டு. மின்னியல் பொறியியல் துறையில் இறுதியாண்டு மாணவனாக இருந்தபோது நான் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டேன். ஆய்வுக்கூடத்தில் பயன்படாத கருவிகளை அப்புறப்படுத்துவதற்கான படிவம் அது. கருவியின் பெயர் என்ற கட்டத்தில் 'ஆசிலோஸ்கோப், 20 மெகாஹெர்ட்ஸ், இரு தடம்' என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'படக்குழாய் செயலிழந்தது' என்று எழுதினேன். இரண்டாவது வரி பொய். வேண்டுமென்றே சொன்ன பொய் அன்று. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணிக்கொண்டு எழுதியது. ஆனால் படிவத்தைப் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் படிவம் கடைசிவரை அலுவலகத்திற்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதையும், அந்த ஒரு பிற்பகலில் நான் கற்றுக்கொண்ட குறை காணும் முறையையும் இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். மின்னியல் பயிலும் தம்பி தங்கையருக்கு இது ஒரு செய்முறைப் பாடமாக அமையும். மற்றத் துறையினரும் படிக்கலாம். ஒரு பொருள் ஏன் இயங்கவில்லை என்று யோசிக்கும் முறை எல்லாத் துறைக்கும் பொதுவானதே.

கருவியும் அதன் உறுப்புகளும்

மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவியே ஆசிலோஸ்கோப். தமிழில் அலைகாட்டி எனலாம். இதன் இதயமான எதிர்மின்கதிர்க் குழாயை 1897-இல் உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன். கம்பியில்லாத் தந்தித் துறையில் ஆற்றிய பணிக்காக இவர் 1909-இல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், மறு ஆண்டு 511 என்ற அலைகாட்டியை வெளியிட்டது. அலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்போதுதான் கோடு புறப்படும் என்ற டிரிகர் முறை அதில் இருந்தது. ஓடும் அலையைத் திரையில் நிற்க வைத்தது அந்த முறைதான்.

பழைய அலைகாட்டி ஒன்றைத் திறந்தால் எத்தனையோ உறுப்புகள் தெரியும். குறை காண்பவர் அவற்றை ஐந்து பகுதிகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, குழாய். அதன் கழுத்தில் உள்ள சிறு சூடேற்றி எதிர்மின்வாயைச் சூடாக்குகிறது. அங்கிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் கதிராகத் திரண்டு, திரையின் உட்புறம் பூசியுள்ள பாஸ்பரில் மோதி ஒளிர்கின்றன. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் கதிரை வளைப்பது காந்தச் சுருள். அலைகாட்டியில் அதைச் செய்வது இரண்டு சோடித் தகடுகள். எந்தத் தகட்டில் நேர்மின்னழுத்தம் கூடுதலோ அந்தப் பக்கம் கதிர் சாயும்.

இரண்டாவது, செங்குத்துப் பெருக்கி. நாம் அளக்கும் அலையைப் பெரிதாக்கி மேல், கீழ்த் தகடுகளுக்குக் கொடுப்பது.

மூன்றாவது, கிடைப் பகுதி. ரம்பப்பல் போன்ற அலையை உண்டாக்கிக் கதிரை இடமிருந்து வலமாகச் சீராக இழுப்பது.

நான்காவது, ஒளிக் கட்டுப்பாடு. எதிர்மின்வாய்க்கு முன்னால் உள்ள வலையின் மின்னழுத்தத்தை மாற்றிக் கதிரைக் கூட்டிக் குறைப்பது. கோடு வலது ஓரத்தை அடைந்து இடப்பக்கம் திரும்பும்போது கதிரை மறைப்பதும் இதன் வேலைதான்.

ஐந்தாவது, மின்வழங்கி. எங்கள் கருவியில் 5 வோல்ட், கூட்டல் கழித்தல் 12 வோல்ட், தகடுகளை ஓட்ட 140 வோல்ட், குழாய்க்குச் சுமார் 2,000 வோல்ட் எனப் பல அழுத்தங்கள் இருந்தன.

இவற்றில் எது கெட்டாலும் திரை இருளலாம். 'திரை இருண்டது, ஆகவே குழாய் கெட்டது' என்று சொல்பவன் ஐந்தில் நான்கைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறான். நான் எழுதியது அத்தகைய தீர்ப்புத்தான்.

மூடியைத் திறக்கும் முன்

பழுது என்று மேசைக்கு வரும் அலைகாட்டிகளில் சிலவற்றில் பழுதே இருக்காது. யாரோ ஒரு குமிழை மாற்றி வைத்திருப்பார்கள். எனவே முதலில் முன்பலகையைச் சரிபார்க்க வேண்டும்.

டிரிகர் 'ஆட்டோ' நிலையில் இருக்கட்டும். 'நார்மல்' நிலையில் உள்ளே அலை வராவிட்டால் கோடும் வராது. அது குறையன்று, கருவியின் இயல்பு. தடத்தின் உள்ளீட்டை 'கிரவுண்டு' நிலைக்குத் தள்ளுங்கள். மேல்-கீழ், இட-வலப் பொசிஷன் குமிழ்களை நடுவில் நிறுத்துங்கள். நேர அளவைக் கட்டத்திற்கு 1 மில்லிவினாடி என்று வையுங்கள். பத்து மடங்கு விரிவு, எக்ஸ்-ஒய் ஆகிய பொத்தான்கள் அமுங்கி இருந்தால் விடுவியுங்கள். ஒளிக்குமிழைப் பாதிக்குச் சற்று மேல் திருப்பி, அரை நிமிடம் பொறுத்திருங்கள். சூடேற்றிக்கு நேரம் வேண்டும்.

சில கருவிகளில் 'பீம் ஃபைண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தகடுகளின் இழுப்பு குறைந்து, திரைக்கு வெளியே ஓடிப்போன கதிர் உள்ளே வந்து எந்தப் பக்கம் போயிருந்தது என்று காட்டும். எங்கள் கருவியில் அந்தப் பொத்தான் இல்லை.

நானும் என் நண்பனும் இவற்றில் பாதியைத்தான் செய்தோம். இரண்டு தடங்களிலும் ஒன்றும் வரவில்லை. பொசிஷன் குமிழ்களை இங்கும் அங்கும் திருகினோம். பயனில்லை. ஒளிக்குமிழை முழுவதும் திருப்பினோம். எக்ஸ்-ஒய் பொத்தானையும் அழுத்திப் பார்த்தோம். இருட்டு இருட்டாகவே இருந்தது. குமிழையும் பொத்தானையும் அப்படியே விட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தோம். இந்த இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விலை கொடுக்க வேண்டி வந்தது.

உயிருக்கு ஆபத்து எங்கே?

மேலே செல்லும் முன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டுப் படிக்க வேண்டாம்.

குழாயின் 2,000 வோல்ட் மின்னழுத்தம் கருவியை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். அதை நேராகக் குறுக்கிணைக்காமல், அந்த அழுத்தத்தைத் தாங்கக்கூடிய மின்தடை வழியாக மெல்ல வடிக்க வேண்டும். சாதாரண மின்தடை ஒன்று தாங்காது. சிலவற்றைத் தொடராக இணைத்து, நன்கு மின்காப்புச் செய்த கைப்பிடியில் பொருத்திப் பயன்படுத்துவார்கள். ஆய்வுக்கூட மல்டிமீட்டர்கள் பெரும்பாலும் 600 அல்லது 1,000 வோல்ட் வரைதான் தாங்கும். அவற்றைக் குழாயின் அடிப்பகுதியில் வைக்கக் கூடாது. அதற்கென உயர் அழுத்த அளவைக்கோல் உண்டு.

பலர் ஏமாறும் இடம் சூடேற்றி. அதன் இரு முனைகளுக்கும் இடையே 6.3 வோல்ட்தான். 'ஆறு வோல்ட்தானே' என்று கை வைக்கத் தோன்றும். ஆனால் அந்த இரு முனைகளும் சேர்ந்தே உடற்சட்டத்திலிருந்து சுமார் 2,000 வோல்ட் கீழே இருக்கின்றன. இடையே உள்ள வேறுபாடு சிறியது, தரையிலிருந்து உள்ள வேறுபாடு பெரியது. இந்த ஒன்றை உணராமல் கை வைத்தால் உயிரே போகலாம்.

ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு கையால் மட்டும் அளப்பது, தனியாக வேலை செய்யாமல் இருப்பது, மோதிரம் கைக்கடிகாரம் கழற்றி வைப்பது, மூன்று முனைச் செருகியின் நிலக்கம்பியை ஒருபோதும் துண்டிக்காமல் இருப்பது ஆகியவை பழக்கமாக வேண்டும். குழாயின் உள்ளே வெற்றிடம். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடைந்து கண்ணாடி சிதறும். உடன் இருந்து காட்டுவதற்கு அனுபவமுள்ள ஒருவர் இல்லையென்றால் மூடியைத் திறக்காதீர்கள்.

விளக்கை அணைத்துப் பார்

எங்களுக்கு அப்படி ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே மீதமிருந்த ஆய்வுக்கூட உதவியாளர். எல்லாரும் அவரை 'அங்கிள்' என்றே அழைப்போம். படிவத்தை அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

"டியூப் போயிருச்சா? யாரு சொன்னா?"

"திரையில ஒண்ணுமே வரல, அங்கிள்."

"ஒண்ணும் வரலன்னு எழுது. டியூப் போச்சுன்னு ஏன் எழுதியிருக்க?"

பதில் இல்லை. அவர் கருவியை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னார். வெளி உறையைக் கழற்றி, மின்சாரம் கொடுத்து, "லைட்ட அடை, தம்பி" என்றார். சன்னல் திரையையும் இழுத்துவிட்டோம். இருட்டில் குழாயின் கழுத்துப் பக்கம் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு சிறு செம்புள்ளி கனன்றுகொண்டிருந்தது. சூடேற்றி வேலை செய்கிறது. பிறகு முன்பக்கம் வந்து திரையின் ஓரங்களைப் பார்க்கச் சொன்னார். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. திரையின் கீழ் விளிம்பில் மிக மங்கலான பச்சைப் படலம் தெரிந்தது.

அந்தப் பச்சை மங்கல் எங்களுக்கு எத்தனை செய்திகளைச் சொல்லியது என்று பாருங்கள். எலெக்ட்ரான்கள் எதிர்மின்வாயிலிருந்து புறப்படுகின்றன. வலை அவற்றைத் தடுக்கவில்லை. உயர் அழுத்தம் அவற்றை முடுக்குகிறது. பாஸ்பர் ஒளிர்கிறது. அதாவது குழாய் உயிரோடு இருக்கிறது, உயர் அழுத்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, ஒளிக் கட்டுப்பாடும் கதிரை விடுகிறது. கதிர் திரைக்குக் கீழே எங்கோ போய் மோதி, அதன் சிதறல்தான் விளிம்பில் தெரிகிறது. அளவைக்கருவி எதையும் தொடாமல், விளக்கை அணைத்த ஒரே செயலால் ஐந்து பகுதிகளில் இரண்டையும், மின்வழங்கியின் ஒரு பாதியையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

படிவத்தில் நான் கொன்றிருந்த குழாய் உயிரோடு இருந்தது.

பாதியாகப் பிரித்தல்

அடுத்து மல்டிமீட்டர். முதலில் எப்போதும் தாழ் அழுத்த வழங்கிகளையே அளக்க வேண்டும். அவை தவறினால் மற்ற எல்லாம் தவறும். எங்கள் கருவியில் அவை சரியாக இருந்தன. பிறகு தகடுகளுக்குப் போகும் கம்பிகளை, குழாயின் அடிப்பகுதியில் அன்று, பெருக்கிப் பலகையில் அளந்தோம். கிடைத் தகடுகள் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. செங்குத்துத் தகடுகளில் மேல் தகடு 40 வோல்ட், கீழ்த் தகடு 139 வோல்ட்.

கதிர் நடுவில் நிற்க வேண்டுமானால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். கீழ்த் தகடு வழங்கியின் முழு 140 வோல்ட்டுக்கு அருகில் நின்று கதிரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. இரு தடங்களிலும் கோடு இல்லாததால், தடங்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த பிறகுள்ள பகுதியில்தான் குறை இருக்க வேண்டும்.

இங்கேதான் அங்கிள் எனக்கு ஒரு முறையைக் காட்டினார். செங்குத்துப் பெருக்கி இரட்டை மாட்டு வண்டி போன்றது. ஒவ்வொரு நிலையிலும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இணையாக நின்று, ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்கும். ஒரு நிலையின் இரண்டு உள்ளீட்டு முனைகளையும் சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தால், அதற்கு முன்னால் உள்ள குறைகள் எல்லாம் மறைந்து, இரு பக்கமும் ஒரே அழுத்தத்தைப் பெறும். இணைத்ததும் கோடு நடுவுக்கு வந்தால், அந்த நிலையும் அதற்குப் பின்னுள்ள அனைத்தும் நலம், குறை முன்னால் இருக்கிறது. வராவிட்டால் குறை அந்த நிலையிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. நடுவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் பாதியை நீக்கிக்கொண்டே போகலாம். எட்டு நிலைகள் இருந்தாலும் மூன்று சோதனைகளில் இடம் தெரிந்துவிடும். ஆனால் இணைக்க வேண்டியது அந்த இரு முனைகளை மட்டுமே. கை தவறி வழங்கிக் கம்பியைத் தொட்டால் புதிய குறையை நாமே உண்டாக்கிவிடுவோம். கருவியை அணைத்து, இணைத்து, மீண்டும் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

நடு நிலையில் இணைத்தோம். அளவு மாறவில்லை. கடைசி நிலையில் இணைத்தோம். அப்போதும் மாறவில்லை. ஆகவே குறை கடைசி நிலையிலேயே இருந்தது. ஒரு டிரான்சிஸ்டர் மின்னோட்டத்தைக் கடத்தாததால் அதன் பக்கம் 140 வோல்ட்டுக்கு ஏறிவிட்டது. மின்னோட்டம் முழுவதையும் மற்றொன்று தாங்கியதால் அதன் பக்கம் 40 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

கடைசி நிலை டிரான்சிஸ்டர்கள் சூடாகும் இயல்புடையவை. ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அவற்றின் கால்களைச் சுற்றிய சால்டர் வெடிப்பது வழக்கம். அங்கிள் ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்து அந்த டிரான்சிஸ்டரை மெல்ல அழுத்தினார்.

கதிர் திரையின் நடுவுக்குப் பாய்ந்து வந்தது. கோடாக அன்று. கண் கூசும் ஒற்றைப் புள்ளியாக. எக்ஸ்-ஒய் பொத்தான் அமுங்கியபடி இருந்தது, ஒளிக்குமிழ் முழு அளவில் இருந்தது. அங்கிள் குச்சியை எடுத்தார், நான் குமிழை நோக்கிக் கையை நீட்டினேன். ஆனால் வெடிப்பு இப்போது பிடித்துக்கொண்டுவிட்டது, புள்ளி போகவில்லை. நான் குமிழைத் திருப்பி முடிப்பதற்குள், கதிரின் ஆற்றல் முழுவதும் ஊசிமுனை அளவு இடத்தில் குவிந்து பாஸ்பரைச் சுட்டுவிட்டது. நடுக்கட்டத்தில் ஒரு பழுப்புப் புள்ளி. அதை எதுவும் மாற்ற முடியாது.

சால்டரைப் புதுப்பிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்தப் புள்ளி குழாய் உள்ளவரை இருக்கும். கோடு வராத திரையின் முன் ஒளிக்குமிழை ஏற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம். நான் அதைத் திரையிலேயே எழுதிவைத்தேன்.

மற்றக் குறைகளும் திரை தரும் துப்பும்

எல்லாக் கருவிக்கும் ஒரே நோய் வருவதில்லை. பின்னாளில் நான் கண்ட, அடிக்கடி வரக்கூடிய குறைகள் சிலவற்றைக் கீழே தருகிறேன்.

1. செங்குத்துக் கோடு மட்டும்: கதிர் மேலும் கீழும் ஆடுகிறது, பக்கவாட்டில் நகரவில்லை. குறை கிடைப் பகுதியில் உள்ளது. ஒளியைக் குறைத்துவிட்டு எக்ஸ்-ஒய் நிலையில் ஓர் அலையைக் கிடை உள்ளீட்டுக்குக் கொடுங்கள். புள்ளி பக்கவாட்டில் நகர்ந்தால் கிடைப் பெருக்கி நலம், ரம்பப்பல் அலையை உண்டாக்கும் சுற்றுதான் நின்றுவிட்டது. பல கருவிகளில் இந்தச் சுற்று நின்றால் கதிரும் மறைக்கப்பட்டுவிடும். ஆகவே முழு இருட்டுக்கும் இது காரணமாகலாம். அதற்கும் இதே சோதனை உதவும்.

2. நெளியும் கோடு: உள்ளீடு 'கிரவுண்டு' நிலையில் இருந்தும் கோடு அலைபோல் நெளிந்தால், வழங்கியின் வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்திருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை திருத்தத்திற்குப் பின் எஞ்சும் நெளிவு 100 ஹெர்ட்ஸ். கட்டத்திற்கு 5 மில்லிவினாடி என்று வைத்தால் ஒரு நெளிவு 2 கட்டம் பிடிக்கும். 4 கட்டம் பிடித்தால் அது 50 ஹெர்ட்ஸ். அப்போது திருத்தியின் டையோடு ஒன்று அறுந்திருக்கலாம், அல்லது பக்கத்தில் உள்ள மின்மாற்றியின் காந்தப்புலம் கதிரை ஆட்டலாம். டிரிகர் மூலத்தை 'லைன்' என்று மாற்றினால் நெளிவு அசையாமல் நிற்கும், எண்ணுவது எளிது. மின்தேக்கியை மாற்றும்போது அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதல் வோல்ட் தாங்குதிறனும் உள்ளதைப் போடுங்கள். நேர், எதிர் முனைகளை இருமுறை சரிபாருங்கள்.

3. படம் பெரிதாகி மங்குதல்: இது அழகான துப்பு. கதிர் எவ்வளவு விலகும் என்பது தகட்டின் அழுத்தத்திற்கு நேர்விகிதத்திலும், முடுக்கும் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். உயர் அழுத்தம் 20 விழுக்காடு குறைந்தால் கதிர் மெதுவாகிறது, தகடுகள் அதை எளிதாக வளைக்கின்றன, படம் 1.25 மடங்கு பெரிதாகிறது. கருவியின் சோதனைச் சதுர அலை 4 கட்டம் உயரம் காட்ட வேண்டிய இடத்தில் 5 காட்டும். அகலமும் அதே விகிதத்தில் கூடும். உயரம் மட்டும் கூடினால் செங்குத்துப் பெருக்கியைச் சந்தேகியுங்கள். இரண்டும் சேர்ந்து கூடி, ஒளியும் குறைந்தால் உயர் அழுத்தத்தைச் சந்தேகியுங்கள். ஒளிக்குமிழை ஏற்றும்போது மட்டும் படம் பருத்தால், உயர் அழுத்தம் சுமையைத் தாங்காமல் சரிகிறது.

4. குறையாத ஒளி: குமிழை முழுவதும் இறக்கியும் திரை பிரகாசமாக இருந்து, வலமிருந்து இடமாகத் திரும்பும் கோடும் தெரிந்தால், வலைக்கும் எதிர்மின்வாய்க்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடு கெட்டுவிட்டது. வலை, எதிர்மின்வாயைவிடப் பல பத்து வோல்ட் எதிர்மறையாக இருக்க வேண்டும். உடனே அணைத்துவிடுங்கள், இல்லையேல் பாஸ்பர் சுடும். இந்தச் சுற்று முழுவதும் 2,000 வோல்ட்டில் மிதப்பது என்பதை மறவாதீர்கள்.

5. சாய்ந்த கோடு: கிடைக்கோடு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் பழுதாகாது. பூமியின் காந்தப்புலமே கதிரைச் சற்றுத் திருப்பும். மேசையை மாற்றிப் போட்டால்கூடச் சாய்வு மாறலாம். முன்பலகையில் 'ரொட்டேஷன்' என்று ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பினால் போதும்.

6. வந்து வந்து போகும் கோடு: குமிழைத் தொட்டால் குதிக்கும், தட்டினால் திரும்பும். பெரும்பாலும் அழுக்கேறிய சுவிட்சு இணைப்பு அல்லது வெடித்த சால்டர். நம் நாட்டின் ஈரக்காற்றில் இணைப்புகள் விரைவில் கறுக்கும். உயர் அழுத்தப் பகுதியில் படிந்த தூசு ஈரத்தோடு சேர்ந்து மின்சாரத்தைக் கசியவிடும். சீறல் ஒலி கேட்டாலோ, ஓசோன் வாடை அடித்தாலோ, ஒளி துடித்தாலோ, உறுப்பை மாற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, தேங்கிய அழுத்தத்தை வடித்துவிட்டுத் தூசைத் துடைத்துப் பாருங்கள்.

இவை அனைத்திலும் வரிசை ஒன்றே. முதலில் முன்பலகை, அடுத்துக் கண்ணும் காதும் மூக்கும், அடுத்துத் தாழ் அழுத்த வழங்கிகள், அடுத்துத் தகடுகளின் சமநிலை, கடைசியில்தான் உயர் அழுத்தமும் குழாயும். குழாயைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற உறுப்புகளுக்கு மாற்று கிடைக்கும். பழைய குழாய்க்கு மாற்று கிடைப்பது அரிது. அதைக் குற்றவாளி என்று சொன்னால் கருவிக்கே மரண தண்டனை. தண்டனை பெரிதாக இருக்கும் இடத்தில் சாட்சியமும் வலுவாக இருக்க வேண்டும்.

படிவத்தின் பின்பக்கம்

அன்று மாலை கோடு நேராக ஓடியது. நடுவில் அந்தப் பழுப்புப் புள்ளி. நான் தலைகுனிந்து நின்றேன். அங்கிள் திட்டவில்லை. என் படிவத்தை எடுத்துத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் காட்டினார். "இதுல எழுது. காலையிலேர்ந்து என்னென்ன பார்த்தியோ வரிசையா எழுது. பார்த்தத எழுது, நெனச்சத எழுதாத."

எழுதினேன். சூடேற்றி சிவந்தது. கீழ் விளிம்பில் பச்சை மங்கல். மேல் தகடு 40, கீழ்த் தகடு 139. கடைசி நிலையை இணைத்தும் மாற்றமில்லை. குச்சியால் அழுத்தியதும் கதிர் வந்தது. ஒளி முழு அளவில் இருந்ததால் பாஸ்பர் சுட்டது, தவறு என்னுடையது. கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. அவர் அதை மடித்துக் கருவியின் கையேட்டுக்குள் வைத்தார். அடுத்து அந்தக் கருவியைத் திறப்பவருக்கு உதவும் என்றார்.

இன்று ஆய்வுக்கூடங்களில் இலக்கமுறை அலைகாட்டிகளே இருக்கின்றன. அவை அலையைச் சேமிக்கும், அளக்கும், கணினிக்கு அனுப்பும். பழையதைப் பழுதுபார்க்கும் தேவை உங்களில் பலருக்கு வராமலே போகலாம். ஆயினும் பினாங்கு லோரோங் குலிட் போன்ற பழைய பொருள் சந்தையில் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் படித்த ஒவ்வொரு சமன்பாடும் ஒரு குமிழுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை அதில் காணலாம்.

பட்டம் பெற்றபின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் பழுது ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது எனக்குக் கீழ் இளம் பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் 'சிப் கெட்டுவிட்டது' என்ற வரி அடிக்கடி வரும். நான் அறிக்கையைத் திருப்பி, பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் 'கண்டது' என்றும் வலப்பக்கம் 'கருதியது' என்றும் எழுதிக் கொடுப்பேன். பெரும்பாலும் இடப்பக்கத்தில் இரண்டு வரிதான் இருக்கும். அந்த இரண்டு வரியை இருபதாக்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்புவேன். அவர்கள் திரும்பி வரும்போது, வலப்பக்கம் பெரும்பாலும் மாறியிருக்கும்.

தம்பி தங்கையரே, நீங்கள் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், ஆசிரியராகலாம். ஏதோ ஒரு நாள் ஒரு படிவம் உங்கள் முன் வரும். ஒரு கருவியையோ ஒரு நோயாளியையோ ஒரு மாணவனையோ பற்றி 'இனிப் பயனில்லை' என்று எழுதக் கட்டம் இருக்கும். கையெழுத்திடும் முன் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் ஓரத்தைப் பாருங்கள்.